கல்லா, கப்பலா?

தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். திருவண்ணாமலை மாவட்டம்தான். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே இரண்டு திருடர்களை ஒரு நாய் கடித்தது. செய்தி அவ்வளவுதான். ஆனால் ஊர்க்காரர்கள் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு ஒரு நடுகல். அவன் பின்னால் நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன் என்றும், அது திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியாக ஒரு குறிப்பு. திருடர்களின் பெயர் மட்டும் இல்லை. இன்றும் அதே கதைதான். மோப்ப நாயின் பெயர் பேப்பரில் வரும். பிடிபட்டவன் 'மர்ம நபர்'.

எடுத்தனூர் தனி ஊர் அல்ல. செங்கத்தைச் சுற்றிக் காட்டிலும் வயலிலும் இப்படிக் கற்கள் ஏராளம். தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. புரட்டிப் பார்த்தால் பாதிப் பேர் மாட்டுக்காகச் செத்திருக்கிறார்கள். மாட்டு மந்தைக்கு அப்போது 'தொறு' என்று பெயர். தொறுவைக் கவரப் போனவன், தொறுவை மீட்கப் போனவன், தொறு போகும்போது குறுக்கே நின்றவன். எடுக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல், தடுக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல். செத்தால் போதும், மரியாதை உறுதி. நடுவில் மாட்டிக்கொண்ட மாடு மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு இலக்கண அங்கீகாரம் வேறு. தொல்காப்பியர் மாடு திருடுவதற்கு ஒரு திணையே ஒதுக்கி, வெட்சிப் பூவும் சூட்டிவிட்டார். படை கிளம்புவது, விரிச்சி கேட்பது, ஒற்றன் வைத்து வேவு பார்ப்பது, மாட்டைப் பிடிப்பது, வழியில் அதற்கு நோவு வராமல் ஓட்டி வருவது, வந்ததும் பங்கு பிரிப்பது, கள் குடித்துக் கூத்தாடுவது என்று வரிசையாகத் துறைகள். இதை அப்படியே காவல் நிலையத் தமிழில் எழுதிப் பாருங்கள்: கூடிச் சதி செய்தல், நோட்டம் விடுதல், திருடுதல், திருட்டு மாட்டை மறைத்து ஓட்டுதல், திருட்டுச் சொத்தைப் பங்கு போடுதல், பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தல். தொல்காப்பியர் எழுதினால் புறத்திணை, ரைட்டர் ஏட்டு எழுதினால் எஃப்.ஐ.ஆர்.

நம் பக்கத்துக் கூத்திலும் இதே சமாசாரம்தான். திரௌபதை அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விராட பருவம் வந்தால் 'மாடுபிடி சண்டை' என்று விடிய விடிய ஆடுவார்கள். விராடனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வந்தவர்கள் யார்? துரியோதனன், கர்ணன், பீஷ்மர், துரோணர், கிருபர், அசுவத்தாமன். அத்தனையும் பெரிய மனிதர்கள், அதிலே இரண்டு பேர் வாத்தியார்கள். பின்னால் வரப்போகிற இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து வன்முறையோடு களவாடினால் அது கூட்டுக்கொள்ளை, பிரிவு 395, ஆயுள்காலத் தீவாந்திரம்வரை போகலாம். பிதாமகர் தப்பித்தார். ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாலேயே திருடிவிட்டார்.

செங்கத்தின் மாட்டு ராசி பல்லவர்களோடு முடியவில்லை. 1767 ஆகஸ்டு கடைசியில் ஹைதர் அலியின் குதிரைப்படை கணவாய் வழியாக இறங்கி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் பாளையத்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்படியே வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாம் ஆங்கிலோ-மைசூர் யுத்தம் தொடங்கியது இப்படித்தான். இங்கிலீஷ் சரித்திரக்காரர்களுக்கு இது அநாகரிகமாகப் பட்டது. தொல்காப்பியர் இருந்திருந்தால், "தம்பி, யுத்தம் என்றால் அங்கேதானே ஆரம்பிக்கணும்?" என்று தட்டிக் கொடுத்திருப்பார்.

இழுக்க மாடில்லாத பீரங்கியை வைத்துக்கொண்டு ஸ்மித் என்ன செய்வார்? செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்தில் சண்டை. ஜெயித்தார், ஆனால் சோறு இல்லை. திருவண்ணாமலையில் அரிசி இருக்கும் என்று நம்பி வந்தார். இங்கேயும் இல்லை. இப்போது கிரிவலப் பாதையில் பத்தடிக்கு ஒரு அன்னதானம் நடக்கிற ஊரில் ஒரு படையே பட்டினி கிடந்தது. செப்டம்பர் 26-ஆம் தேதி திருவண்ணாமலைச் சண்டையிலும் அவரே ஜெயித்தார். 1769-இல் சென்னையில் உடன்படிக்கை ஆனது. மாடு ஓட்டியதற்காக ஹைதரை யாராவது கப்பல் ஏற்றினார்களா? படை வைத்துக்கொண்டு ஓட்டினால் அது போர்த்தந்திரம்.

படை இல்லாதவன் கதைதான் வேறு.

அப்படி ஒருவனை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். பெயர் வைக்கவில்லை, வைத்தால் அந்தப் பெயரில் யாராவது சண்டைக்கு வருவார்கள். நம்மாள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை. அவனுக்கு நடப்பதெல்லாம் அவனைப் போன்றவர்களுக்கு நடந்தவை. சுமார் 1820. ஊர் அண்ணாமலையார் கோயிலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். வயது இருபத்தைந்து. தொழில், ஊருக்குத் தெரிந்தது ஒன்று, இருட்டுக்குத் தெரிந்தது இன்னொன்று.

மாடு திருடுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். நகை பேசாது, நெல் மூட்டை கத்தாது. மாடு கத்தும், கழுத்து மணி அடிக்கும், முன்பின் தெரியாதவன் கயிற்றைப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். சுழி, கொம்பு, மச்சம் எல்லாம் சொந்தக்காரனுக்கு மனப்பாடம். ஆகவே திருடின மாட்டை உள்ளூரில் விற்க முடியாது. நம்மூரில் தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச் சந்தைக்குக் கொண்டு வந்தாலோ, நாலு மாவட்டத்துக்காரனும் வருவான், அதில் ஒருத்தன் மாட்டுக்கு மாமன் மச்சானாக இருப்பான். மலை தாண்டி எங்கோ ஒரு சந்தையில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரிடம் தள்ள வேண்டும். அதற்கு இரவெல்லாம் நடக்க வேண்டும். உழைத்துச் சாப்பிடுகிறவனைவிட அதிகமாக உழைத்தவன் நம்மாள்.

தெற்கே மதுரைப் பக்கத்தில் இதற்கு நேர்த்தியான ஏற்பாடு இருந்தது. மாடு காணாமல் போனால் ஒருத்தர் வந்து, "துப்பு கிடைத்திருக்கிறது, கொஞ்சம் செலவாகும்" என்பார். மாட்டு விலையில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். கோர்ட் இல்லை, வாய்தா இல்லை, வக்கீல் பீஸ் இல்லை. வெள்ளைக்காரத் துரைகளுக்கு இது பெரிய அக்கிரமமாகத் தெரிந்தது. பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பதா? அதே துரைகள் நிலவரி கட்டாதவன் மாட்டை ஜப்தி செய்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம்மாள் தனியாகப் போயிருந்தால் கொஞ்சநாள் உள்ளே இருந்துவிட்டு வந்திருப்பான். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு தீவட்டி, தடி சகிதம் போனது தப்பு. பட்டிக்காரனுக்கு மண்டை உடைந்தது. நாய் குரைத்தது. மாட்டிக்கொண்டான்.

அப்போது நம் ஊர் தென்னாற்காடு ஜில்லா. விசாரணையின் அழகைக் கவனியுங்கள். திருடினவன் சிவபக்தன். திருடியது எருமை, அதாவது எமனின் வாகனம். நீதிபதி கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரன். சட்டம் எது? இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். நிஜமாகத்தான். நவாபிடமிருந்து கம்பெனி நாட்டை வாங்கியபோது சட்டத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1862-இல் தண்டனைச் சட்டம் அமலுக்கு வரும்வரை அங்கங்கே ஒட்டுப்போட்டு அதை வைத்தே ஓட்டினார்கள். கோர்ட்டில் இருந்த முஸ்லிம் சட்ட அதிகாரி ஃபத்வா கொடுப்பார், ஜட்ஜ் துரை தீர்ப்பு எழுதுவார், பெரிய தண்டனை என்றால் சென்னையிலிருந்த ஃபௌஜ்தாரி அதாலத்துக்கு அனுப்புவார். இதில் நம்மாளுக்குப் புரிந்த பாஷை எதுவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை புரிந்தது. தீவாந்திரம்.

சீமையில் இதைவிட மோசம். அங்கே ஆடு திருடினால் 1741-இலிருந்து தூக்கு. 1832-இல்தான் அதை எடுத்தார்கள். தூக்கிலிருந்து தப்பியவர்களை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றினார்கள். ஆடு திருடினவனைத் தண்டிக்க, கோடிக்கணக்கில் ஆடு மேயப்போகிற தேசத்துக்கு அனுப்பிய ராஜதந்திரத்தை என்னென்பது! 1788-இல் போய் இறங்கிய முதல் கூட்டத்தில் எட்வர்ட் கார்பெட் என்ற கைதியை மாடு மேய்க்க விட்டார்கள். மாடுகள் காட்டுக்குள் போய்விட்டன. பயந்துபோய் அவனும் ஓடினான். திரும்பி வந்தவனைத் திருட்டுக் குற்றத்துக்காக அதே வருஷம் தூக்கில் போட்டார்கள். மாடுகளை 1795-இல் கண்டுபிடித்தார்கள்: குட்டியும் குடும்பமுமாக அறுபதுக்கு மேல் பெருகி, நல்ல புல்வெளியில் சுகமாக இருந்தன. அந்தக் காலனியில் உருப்படியாகத் தப்பித்தவர்கள் அவர்கள்தாம்.

நம்மாளுக்கு வருவோம். கப்பல் ஏறுமுன் ஒரு சடங்கு. சென்னை மாகாணத்திலும் வங்காளத்திலும் ஆயுள் கைதிகளுக்கு நெற்றியில் பச்சை குத்தினார்கள், குற்ற விவரத்தோடு. 1849 வரை இது நடந்தது. மாட்டுக்குத் தொடையில் சூடு போடுவார்கள், மாட்டுத் திருடனுக்கு நெற்றியில். கம்பெனியும் தன் மந்தைக்கு அடையாளம் வைத்துக்கொண்டது, வேறென்ன? கைதிகள் லேசுப்பட்டவர்களா! தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார்கள், முடியை வளர்த்து முன்னால் இழுத்துவிட்டார்கள். நம்மாள் திருவண்ணாமலைக்காரன். அவனுக்குத் தலைப்பாகை எதற்கு? மூன்று பட்டை விபூதி போதும். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் அழித்துப் பார்க்கப்போகிறான்? அந்த உத்தி இன்றும் பலருக்குப் பயன்படுகிறது.

கால் விலங்கோடு சென்னைக்கு நடை. அங்கிருந்து கப்பல். சுமத்ராவின் மேற்குக் கரையில் பென்கூலன் என்ற இடத்தில் கம்பெனிக்கு ஒரு கோட்டையும் நிறைய மிளகும் நிறையக் கொசுவும் இருந்தன. 1787 முதலே இந்தியக் கைதிகளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ்தான் பெரிய துரை, சிங்கப்பூரை நிறுவினவர் என்று பாடப்புத்தகம் சொல்கிற அதே ஆள். கைதிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒழுங்காக நடந்தால் மேல் வகுப்பு என்று ஆசை காட்டுவது அவருக்குப் பிடித்த யோசனை. நம்மாள் வாழ்க்கையில் பள்ளிக்கூடமே போனதில்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டி வகுப்பில் சேர்ந்தான்.

1824-இல் லண்டனில் இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் உட்கார்ந்து பேசி, பென்கூலன் உனக்கு, மலாக்கா எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். சுல்தான்களை யாரும் கேட்கவில்லை. வெட்சித்திணையில் 'பாதீடு' என்றொரு துறை உண்டு, ஓட்டி வந்த மாட்டைப் பிரிப்பது. இவர்கள் தீவுகளைப் பிரித்தார்கள். இடம் கைமாறியதும் கைதிகளை என்ன செய்வது? 1825 ஏப்ரல் 18-ஆம் தேதி 'ஹொரேஷியோ' என்ற கப்பல் சிங்கப்பூரில் வந்து நின்றது. அதில் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர்: 79 ஆண், 1 பெண். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். நம்மாளை அந்த 79-இல் ஒருவனாகக் கணக்கில் வையுங்கள். அந்த ஒரே பெண்ணைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவள் பட்ட பாட்டில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூர் போக என்ன பாடுபடுகிறார்கள்! ஏஜெண்டுக்குப் பணம், நிலத்தை அடகு வைத்து டிக்கெட், மெடிக்கல். நம்மாளுக்குப் பயணம் இலவசம், தங்குமிடம் இலவசம், வேலை உத்தரவாதம், கூடவே வாழ்நாள் விசா.

வேலைக்குத்தான் குறைவே இல்லை. சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், காட்டை வெட்டினார்கள், ரோடு போட்டார்கள். புக்கிட் தீமா என்று அங்கே ஒரு குன்று. அந்தத் தீவிலேயே அதுதான் உயரம், 163 மீட்டர். 814 மீட்டர் அண்ணாமலையைப் பார்த்தே பல் துலக்கி வளர்ந்தவன் அதை மலை என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் அவனை மிரட்ட அங்கே ஒன்று இருந்தது. புலி. காசுக்கட்டி எடுக்கிற காம்பியர் தோட்டத்துக் கூலிகளைப் புலி அடித்துத் தின்றுகொண்டே இருந்தது. சர்க்கார் பரிசு அறிவித்துப் பார்த்தது, பிறகு கைதிகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வேட்டைக்கு அனுப்பியது. யோசித்துப் பாருங்கள். ஊரில் தடி வைத்திருந்ததற்குத் தீவாந்திரம். தீவாந்திரத்தில் துப்பாக்கி கொடுக்கிறார்கள்.

அதோடு நின்றதா? காவலுக்கு வெள்ளைக்கார வார்டர் வைத்தால் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. கைதிகளிலேயே யோக்கியமானவனைப் பொறுக்கித் தண்டல், பியூன் என்று வேலை கொடுத்து, மற்றக் கைதிகளைக் காக்கச் சொன்னார்கள். இதைப் பற்றி மெக்நேர் என்ற சிறை அதிகாரி பின்னால் ஒரு புத்தகமே எழுதினார். கைதியே கைதிக்குக் காவல் என்பதுதான் அதன் தலைப்பு. பென்கூலனில் மூன்றாக இருந்த வகுப்பு சிங்கப்பூரில் ஆறானது. விலங்கோடு வந்து சேர்கிற புதியவன் கீழே. ஒழுங்காக இருந்தால் மேலே மேலே. முதல் வகுப்பு எட்டினால் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் கிழடுகள், நோயாளிகள், பெண்கள்.

1856-இல் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1862 ஜனவரி 25-ஆம் தேதி பிரதிஷ்டை. உள்சுவர் பளிங்கு மாதிரி மின்னும். பளிங்கு இல்லை, மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் முரட்டுச் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறின தண்ணீரை விட்டுப் பூசி, காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவது. செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அறுபது வயதைத் தாண்டிய நம்மாளை ஒரு மூலையில் உட்கார வைத்து முட்டை அடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். அண்ணாமலையாரின் அடியார், எருமைக் கேஸில் உள்ளே போனவர், கர்த்தரின் ஆலயத்துக்காக ஆயிரக்கணக்கில் முட்டை உடைக்கிறார். சைவம் போச்சே என்று வருத்தப்பட்டாரோ, மஞ்சள் கரு யாருக்கு என்று விசாரித்தாரோ, நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

கவர்னர் மாளிகையும் கைதிகள் கட்டியதுதான். 1869-இல் முடிந்தது. இப்போது இஸ்தானா என்று ஜனாதிபதி மாளிகையாக இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலிலும் கைதிகளின் கைவேலை உண்டு என்பார்கள். சிராங்கூன் சாலைச் சூளையில் கைதிகள் அறுத்த செங்கல் 1867-இல் ஆக்ரா கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்கி வந்தது. செங்கல்லுக்குத் தாய்நாடு திரும்ப அனுமதி கிடைத்தது.

1790-க்கும் 1860-க்கும் இடையில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு இந்தியாவிலிருந்து போன கைதிகள் ஏறத்தாழ 15,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பிறகு அந்தமான் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1873-இல் சிங்கப்பூர்க் கைதி முகாமையே கலைத்தார்கள். ஒரு பகுதி அந்தமானுக்குப் போனது. மற்றவர்கள் அங்கேயே வண்டி ஓட்டி, கடை வைத்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊரோடு கலந்துவிட்டார்கள். சீட்டு வாங்கியவர்களில் பலர் பிடித்துக்கொண்ட தொழில் எது தெரியுமா? மாடு வளர்த்துப் பால் விற்பது.

நம்மாளுக்கும் அதையே கொடுத்து அனுப்புவோம். சிராங்கூன் சாலை ஓரம் கீற்றுக் கொட்டகை, நாலு எருமை, காலையில் பால், மாலையில் மோர். பாலில் தண்ணீர் கலந்திருப்பார், பழைய தொழிலை ஒரேயடியாக மறந்துவிட முடியுமா? ராத்திரிக் காவலுக்கு ஒரு நாயும் வளர்த்தார். மாட்டுத் திருடன் எந்த வழியாக வருவான் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

அந்த வட்டாரத்துக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். எருமைக் கொட்டில் என்று அர்த்தம். பக்கத்தில் எருமைச் சாலையே உண்டு. இப்போது அதில் காய்கறியும் பூவும் விற்கிறார்கள். அங்கே எழுந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கும் கண்டாங் கெர்பாவ் என்றே பெயர் வைத்தார்கள். 1966-இல் ஒரே வருஷத்தில் அந்த எருமைக் கொட்டிலில் 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது.